முப்பது நாளில் ஒரு நாவல்: எழுத உட்காருமுன் கொஞ்சம் வரலாறு

நம் குடியிருப்பின் வாசிப்புக் குழுவில் ஏழு பேர் இந்த ஆண்டு நாவல் எழுதப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 30-ஆம் தேதி இரவுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவர்களே போட்டுக்கொண்ட கெடு. இரண்டு இல்லத்தரசிகள், ஒரு கல்லூரி மாணவி, ஒரு மின்வாரிய ஊழியர், பள்ளி ஆசிரியர்கள் இருவர். ஏழாவது ஆள் நான். பீங்கான் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன்.

லிஃப்ட் பராமரிப்பு, மோட்டார் செலவுக் கணக்கு போன்ற அறிவிப்புகளுக்கு நடுவே இதைப் பற்றியும் நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். நாவல் எழுதுவது எப்படி என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அவசரமாக நாவல் எழுத நேர்ந்தவர்கள் அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். அவர்களில் முக்கியமான ஒருவர் நம் மாவட்டத்துக்கு மிகவும் நெருங்கியவர். ஆகவே அந்த வரலாற்றை எழுதுகிறேன்.

கெடு இல்லாத காலம்

தமிழின் முதல் நாவலுக்குக் கெடுவே இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியது 1857-இல் என்று சொல்வார்கள். அது அச்சானது 1879-இல். மாயவரத்தில் முன்சீப் வேலை பார்த்தவர் அவர். வழக்குக் கட்டுகளுக்கு நடுவே கைப்பிரதி இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. இன்றைக்கு இரண்டு நாள் பதில் வராவிட்டால் நாம் பதிப்பாளரைக் கோபித்துக்கொள்கிறோம்.

பத்திரிகை வந்ததும் நிலைமை மாறிவிட்டது. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' மாத இதழில் தொடராக வந்தது. எழுத ஆரம்பித்தபோது ராஜம் ஐயருக்கு வயது இருபத்தொன்று. முதல் அத்தியாயம் அச்சாகி வாசகர் கைக்குப் போய்விட்டால் பிறகு அதைத் திருத்த முடியாது. கதாபாத்திரத்துக்குத் தப்பான பெயர் வைத்தாலும் அதோடுதான் கடைசிவரை குடித்தனம் நடத்த வேண்டும். கெடுவோடு நாவல் எழுதும் பழக்கம் தமிழில் அங்கே தொடங்குகிறது.

அடுத்து வந்தவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடப் படிப்புக் கிடையாது. கதை சொல்லும் திறமை மட்டும் நிறைய இருந்தது. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கிய பிறகு அதற்காகவே தொடர்ந்து எழுதினார். வாழ்நாளில் 115 நாவல்கள். பத்திரிகை நடத்துபவரும் எழுதுபவரும் ஒரே ஆள் என்றால் கெடுவைத் தள்ளிவைக்க யாரிடம் போய்க் கேட்பது?

எழுத வராதே என்று தயங்கும் நம் குழுவினர் இவரை நினைத்துக்கொள்ளலாம். கைபேசியில் பேசினால் தட்டச்சாகும் காலம் இது. அவருக்கு ஒரு பட்டம்மாள் வேண்டியிருந்தது.

இருபத்தாறு நாள்

சொல்லச் சொல்ல எழுதவைத்த இன்னொருவர் ரஷ்யாவின் தஸ்தயேவ்ஸ்கி. உலகத்தில் கெடுவுக்குள் எழுதப்பட்ட நாவல்களில் அவருடைய 'சூதாடி' மிகவும் பிரபலம்.

1865-இல் கடன் நெருக்கடியில் ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1866 நவம்பர் 1-ஆம் தேதிக்குள் ஒரு புது நாவல் தர வேண்டும். தவறினால், அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதை எல்லாம் ஒரு காசும் கொடுக்காமல் பதிப்பாளர் வெளியிட்டுக்கொள்ளலாம். 'குற்றமும் தண்டனையும்' அந்த ஆண்டு முழுக்கப் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்ததால் புது நாவலுக்கு நேரமே இல்லை. அக்டோபர் பிறந்தபோது ஒரு பக்கம்கூட எழுதியிருக்கவில்லை.

நண்பர்கள் சொன்னதன் பேரில் சுருக்கெழுத்தாளர் ஒருவரை வைத்துக்கொண்டார். இருபது வயது அன்னா. அக்டோபர் 4-ஆம் தேதி வேலை தொடங்கியது. இரவில் குறிப்பு எடுப்பார், பகலில் அதை வைத்துச் சொல்வார். அன்னா வீட்டுக்குப் போய்ச் சுருக்கெழுத்தை விரித்து நல்ல பிரதியாக எழுதி மறுநாள் கொண்டுவருவார். இருபத்தாறு நாளில் நாவல் முடிந்தது. கொடுக்கப் போனால் பதிப்பாளர் ஊரில் இல்லை, அலுவலகத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். காவல் நிலையத்தில் பிரதியை ஒப்படைத்து, தேதி போட்ட ரசீது வாங்கிக்கொண்டு ஒன்பது ஆண்டு அடிமைத்தனத்திலிருந்து தப்பினார். அடுத்த பிப்ரவரியில் அன்னாவையே கல்யாணமும் செய்துகொண்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இருபத்தாறு நாளோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு முந்தைய பகுதிதான் நமக்கு வேண்டியது. அந்த நாவலின் கருவை அவர் 1863-லேயே ஒரு நண்பருக்குக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். ஐரோப்பியச் சூதாட்ட விடுதிகளில் தானே விளையாடித் தோற்று, கடிகாரத்தை அடகு வைத்த மனிதர் அவர். அந்த மேசையைச் சுற்றி யார் நிற்பார்கள், தோற்றவன் முகம் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எழுதியது இருபத்தாறு நாளில் என்றாலும் அதற்கான சரக்கு மூன்று வருடமாகச் சேர்ந்திருந்தது.

வீராணம் கரையில் ஒரு குதிரைக்காரன்

இனி நம் பக்கம் வருவோம். வேப்பூர் கூட்டு ரோட்டிலிருந்து விருத்தாசலம், அங்கிருந்து சேத்தியாத்தோப்பு, அதைத் தாண்டினால் வீராணம் ஏரிக்கரை. முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்டு வீரநாராயணன் ஏரி என்று பெயர் பெற்றது. கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக வந்து அதில் சேர்கிறது. சென்னைக்காரர்கள் 2004 முதல் அதைக் குடிக்கிறார்கள்.

அந்தக் கரையில்தான் ஓர் ஆடிப்பெருக்கு நாளன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அங்கே தொடங்குகிறது. தஞ்சாவூரிலும் பழையாறையிலும் நடக்கும் கதைக்கு வாசல் நம் கடலூர் மாவட்டம். கதையின் முதல் பெரிய சதிக்கூட்டம் நடக்கும் கடம்பூரும் இந்த வட்டாரம்தான்.

'கல்கி' வார இதழில் அந்தத் தொடர் 1950 அக்டோபர் 29-இல் தொடங்கி 1954 மே 16-இல் முடிந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். கணக்குப் போட்டால் சுமார் 185 வாரம், வாரத்துக்குச் சராசரியாக ஒன்றரை அத்தியாயத்துக்கு மேல். எழுதியவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியரும்கூட. தலையங்கம், அரசியல் கட்டுரை, இசை விமரிசனம், வந்து குவியும் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் எழுதியது. அச்சுக்கூடம் காத்திருக்கும், ஓவியர் மணியம் படம் போடக் காத்திருப்பார், எத்தனையோ வீடுகளில் யார் முதலில் படிப்பது என்ற சண்டைக்காக ஜனங்கள் காத்திருப்பார்கள்.

இந்த வேகம் அவருக்குத் திடீரென்று வந்ததில்லை. 1937-இல் 'ஆனந்த விகட'னில் 'கள்வனின் காதலி' எழுதியதிலிருந்தே தொடர்கதைப் பழக்கம் உண்டு. அடுத்து 'தியாக பூமி'. அதை டைரக்டர் கே. சுப்ரமணியம் படமாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே கதை விகடனில் வாரா வாரம் வந்தது. ஓவியத்துக்குப் பதில் படத்தின் புகைப்படங்களையே போட்டார்கள். அதாவது ஒரு பக்கம் பத்திரிகைக் கெடு, இன்னொரு பக்கம் படப்பிடிப்புக் கெடு. படம் 1939 மே மாதம் வெளியானது. தேசிய இயக்கத்தின் குரல் அதில் பலமாக ஒலிக்கிறது என்று பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது. பிறகு சொந்தப் பத்திரிகையில் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை'. ஆக, பொன்னியின் செல்வனில் கை வைக்கும்போது அவருக்குப் பதின்மூன்று ஆண்டுத் தொடர்கதை அனுபவம் இருந்தது.

முதல் வாரத்துக்கு முன்னால்

கல்கி என்ன ஆயத்தம் செய்துகொண்டார்?

முதலாவது, படிப்பு. நீலகண்ட சாஸ்திரியார் எழுதிய சோழர் வரலாறு 1930-களிலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதல் பகுதி 1949-இல் தமிழில் வந்தது. திருவாலங்காட்டுச் செப்பேடு, அன்பில் செப்பேடு போன்றவை அச்சில் கிடைத்தன. எந்த ராஜா எப்போது பட்டத்துக்கு வந்தான், யாருக்கு யார் சித்தப்பா என்ற குழப்பம் எழுதும்போது வரக் கூடாது என்றால் அது முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பயணம். ஓவியர் மணியத்தையும் அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போனார். கதையின் ஒரு பெரிய பகுதி அநுராதபுரத்திலும் அந்தக் காடுகளிலும் நடக்கிறது. எழுதுபவரும் வரைபவரும் ஒரே இடத்தை ஒன்றாகப் பார்த்திருந்தால் ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து விளக்க வேண்டியதில்லை. படத்தில் உள்ள தூண் கதையில் உள்ள தூணாகவே இருக்கும். கெடு நெருக்கும்போது இது எத்தனை மணி நேரத்தை மிச்சப்படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, விடை தெரியாத ஒரு கேள்வி. இது மிகவும் முக்கியம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீஸ்வரம் என்ற சிவன் கோயில் இருக்கிறது. அங்கே ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோர் பெயரைச் சொல்லி, அவர்கள், அவர்களைச் சேர்ந்தவர்கள் சொத்துகளைப் பறிமுதல் செய்து விற்பது பற்றிப் பேசுகிறது. சோழ இளவரசன் கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய சாட்சி இதுதான். கொலைக்குப் பின்னால் யார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. சாஸ்திரியார் உத்தம சோழன் பக்கம் சந்தேகப்பட்டார். பண்டாரத்தார் அதை மறுத்தார். அறிஞர்கள் விட்டுவைத்த அந்த இடைவெளியில் கல்கி தன் நாவலைக் கட்டினார். ஐந்தாம் பாகம் படித்தவர்களுக்குத் தெரியும், கொன்றது யார் என்பதில் அவரும் ஒரு மூட்டத்தை விட்டுவைக்கிறார்.

நம் வீட்டிலிருந்து காரில் ஒரு காலைப் பொழுதில் போய்வரக்கூடிய கோயில் சுவரில் உள்ள சில வரிகள் 293 அத்தியாயத்தைத் தாங்கின என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். ரவிதாசன் என்ற பெயரைக் கல்கி கற்பனை செய்தார் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.

கல்கியின் ஆயத்தத்தில் இருந்த குறையையும் சொல்லிவிட வேண்டும். முடிவு வந்தபோது வாசகர்களுக்குத் திருப்தி இல்லை. அவன் என்ன ஆனான், இவள் கல்யாணம் நடந்ததா என்று கடிதங்கள் குவிந்தன. கல்கி ஒரு முடிவுரை எழுதி, ஒவ்வொருவரும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று வரலாற்றை வைத்து விளக்க வேண்டியிருந்தது. வாரா வாரம் ஆற்று வெள்ளத்தில் ஓடம் விடுகிறவர்களுக்கு நினைத்த துறையில் கரையேறுவது சுலபமில்லை. கடைசிப் பக்கம் எங்கே முடிய வேண்டும் என்பதையாவது முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

விலை

தொடர் முடிந்தது 1954 மே மாதம். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமானார். வயது 55. அப்போது 'அமர தாரா' என்ற நாவலை எழுதிக்கொண்டிருந்தார். அது பாதியில் நின்றது. அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை முடித்தார்.

விருத்தாசலம் என்ற பெயருள்ள இன்னொரு எழுத்தாளரையும் இங்கே நினைக்கிறேன். சொ. விருத்தாசலம் என்றால் பலருக்குத் தெரியாது, புதுமைப்பித்தன் என்றால் தெரியும். 1906-இல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். 'மணிக்கொடி' நாட்களில் ஒரே மூச்சில் கதை எழுதிவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சிறுகதைக்கு அந்த மூச்சு போதும். நாவல் வேறு. அவர் தொடங்கிய 'அன்னை இட்ட தீ' முடியவே இல்லை. 1948-இல் காசநோயில் போய்விட்டார், வயது 42.

வேகமாக எழுதியதால்தான் இவர்கள் இளம் வயதில் போனார்கள் என்று சொல்ல வரவில்லை. வியாதிக்குத் தனிக் காரணம் உண்டு. பாதியில் நின்ற இரண்டு நாவல்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன். ஒன்றில் குறிப்புகள் இருந்தன. இன்னொருவர் தொட்டு முடிக்க முடிந்தது. முப்பது நாளில் காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார்கள், தீபாவளி வந்தாலும் வரும். குறிப்பு இருந்தால் நாலு நாள் கழித்து நீங்களே உங்கள் நாவலுக்குள் திரும்பி வர முடியும்.

சிறுகதையிலிருந்து நாவலுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் வேறொரு வழியைக் காட்டினார். 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை எழுதினார். மழை நாளில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததும், அவள் தாய் அதை எடுத்துக்கொண்ட விதமும் தமிழ்நாட்டையே இரண்டாக்கி விவாதிக்க வைத்தன. அந்தத் தாய் வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது. அதுவும் 'தினமணி கதி'ரில் வாரத் தொடராக வந்ததுதான். 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தொடர் தொடங்கும்போது அவருக்கு ஆட்களைப் புதிதாகப் படைக்க வேண்டிய வேலை இல்லை. பல ஆண்டுகளாக வாசகர்களோடு சண்டை போட்டு அந்த ஆட்களை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். உங்கள் மேசையில் பழைய சிறுகதை ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

பிறகு மாத நாவல்களின் காலம் வந்தது. 1969-இல் 'ராணி முத்து' தொடங்கியது. மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் என்று விருத்தாசலம் ஜங்ஷன் புத்தகக் கடையில் தொங்கிய அட்டைகள் நம் வயதினருக்கு நினைவிருக்கும். ரயில் ஏறும்போது வாங்கினால் இறங்குமுன் முடிந்துவிடும். கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் இப்படி 1,500-க்கும் மேல் எழுதியிருக்கிறார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினியராக முழுநேர வேலை பார்த்துக்கொண்டே சுஜாதா பல வார இதழ்களில் தொடர் எழுதினார். ஆபீஸ் வேலை இருக்கிறது, நேரமில்லை என்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும்.

இந்த நவம்பர்ப் பழக்கத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1999-இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பாட்டி என்பவரும் நண்பர்களும் சேர்ந்து 21 பேர் ஒரு மாதத்தில் நாவல் எழுதுவதென்று ஆரம்பித்தார்கள். முதல் ஆண்டு ஜூலையில் நடந்தது, பிறகு நவம்பருக்கு மாறியது. 50,000 சொல் இலக்கு. நாளைக்கு 1,667. பின்னால் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டது, பழக்கம் நிற்கவில்லை. ஒரு விஷயம்: ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லில் சொல்வதைத் தமிழில் இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். ஆகவே நமக்கு 50,000 என்பது அவர்களைவிடப் பெரிய மலை. 30,000 வைத்துக்கொண்டாலே போதும், நாளைக்கு ஆயிரம்.

என் ஒன்பது அத்தியாயம்

இவ்வளவு தெரிந்தவன் ஏன் இதுவரை ஒரு நாவலும் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதினேன். 1987-இல் ஒரு வார இதழ் நாவல் போட்டி அறிவித்தது. நாற்பத்தைந்து நாள் கெடு. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது, ஆலையில் இரவு ஷிப்ட். விருத்தாசலத்துப் பீங்கான் வேலையை வைத்து நாவல் எழுதுவது என்று முடிவு செய்தேன். யாரும் எழுதாத உலகம், கையில் இருக்கிறது, பரிசு எனக்குத்தான் என்று நினைத்தேன்.

கதாநாயகி பொம்மைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவளுக்கு மாதிரியாக எங்கள் ஆலையிலேயே ஓர் அம்மா இருந்தார். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தைச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, கண் வரைவார். "உங்களப் பத்தித்தான் கதை எழுதறேம்மா" என்றேன். "என்னத்த சார் எழுதப்போறீங்க, எம் பொழப்புல" என்று சிரித்தார்.

எட்டு அத்தியாயம் ஓடிவிட்டது. ஒன்பதாவதில் அந்தப் பெண் இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறாள். கதவைத் திறக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. யார் விழித்திருப்பார்கள்? முந்தின நாள் சோறு எந்தப் பாத்திரத்தில் இருக்கும்? வாரக் கூலியை யார் கையில் கொடுப்பாள்? தினம் பத்தடி தூரத்தில் வேலை பார்த்தவரை நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. சூளையின் வெப்பம் எனக்குத் தெரியும், 1,200 டிகிரிக்கு மேல். கிளேஸில் எது எத்தனை பங்கு என்பது தெரியும். அவர் வீடு தெரியாது.

பீங்கான்காரர்களுக்கு இது விளங்கும். பிசைந்த மண்ணை ஈரத்துணி போட்டு மூடிச் சில நாள் வைத்திருந்து, பிறகுதான் உருவம் செய்வோம். செய்ததை நிழலில் நிதானமாகக் காயவிடுவோம். ஈரம் உள்ளே இருக்கச் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும். சூளை எரிவது ஒன்றிரண்டு நாள்தான். அந்த ஒன்றிரண்டு நாளுக்காக மற்ற நாள் எல்லாம் காத்திருக்கும். நான் ஈர மண்ணைச் சூளையில் ஏற்றிவிட்டேன். கெடு போய்விட்டது, நோட்டு பீரோவுக்குப் போய்விட்டது.

அந்தம்மா இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. போன தை மாதம் விருத்தகிரீஸ்வரர் கோயில் வாசலில் அவர் மகளைப் பார்த்தேன். அவருக்கே தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்:

"சார், அம்மாவப் பத்திக் கதை எழுதறேன்னு சொன்னீங்களாமே. சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. புஸ்தகம் வந்துச்சா சார்?"

இல்லைம்மா என்றேன். வேறு என்ன சொல்வது?

நம் ஊர்ப் பேச்சையும் ஊர் மனிதர்களையும் வைத்துப் பெரிய நாவல் எழுத முடியும் என்று காட்டியவர் நம் பகுதிக்காரரான இமையம். 1994-இல் அவருடைய 'கோவேறு கழுதைகள்' வந்தபோது இரண்டே நாளில் படித்தேன். துணி வெளுத்து, சோறு எடுத்து வாழும் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது. என் ஒன்பதாவது அத்தியாயத்தில் இல்லாதது அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. அவருக்கு 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது 'செல்லாத பணம்' நாவலுக்காகக் கிடைத்தபோது மாவட்டமே சந்தோஷப்பட்டது.

அக்டோபர் வேலை

ஆகவே, நம் ஏழு பேருக்கு என் யோசனை இது. நவம்பரில் எழுதலாம். அக்டோபரில் எழுத வேண்டாம். அந்த மாதத்தைக் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் வைத்துக்கொள்வோம். கதை நடக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் நேரில் போய் நடந்து வருவோம். விஷயம் தெரிந்தவர்கள் வயதானவர்களாக இருந்தால் அவர்களிடம் முதலில் போவோம். கதையில் யாருக்கு யார் உறவு, எந்த ஆண்டில் யாருக்கு என்ன வயது என்பதை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். சார்ல்ஸ் டிக்கன்ஸ் தன் பிற்கால நாவல்களுக்கு ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளை மடித்து, இடது பக்கம் யோசனைகளும் வலது பக்கம் அத்தியாயக் குறிப்புகளும் எழுதி வைத்தார். நமக்கு முப்பது தாள் போதும். கடைசியாக, தினமும் எழுதியதைக் கேட்க ஓர் ஆள். தஸ்தயேவ்ஸ்கிக்கு அன்னா, கோதைநாயகிக்குப் பட்டம்மாள், கல்கிக்கு அத்தனை வாசகர்கள். நமக்கு மொட்டைமாடி இருக்கிறது. நவம்பரில் மழை இல்லாத மாலைகளில் ஆறரை மணிக்கு அங்கே கூடலாம், மழை பெய்தால் சங்க அறையில். பெயர் கொடுக்காதவர்களும் வந்து கேட்கலாம். கேட்க ஆள் இருந்தால்தான் எழுதுகிறவருக்கு மறுநாள் பயம் வரும்.

உடையார்குடிக் கல்வெட்டையும் வீராணம் கரையையும் பார்க்க அக்டோபர் முதல் ஞாயிறு ஒரு வேன் ஏற்பாடு செய்யலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். வர விரும்புகிறவர்கள் அறிவிப்புப் பலகையில் வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள். செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

அதற்கு அடுத்த ஞாயிறு நான் விருத்தாசலம் போகிறேன். அந்தம்மாவின் மகளிடம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பழைய நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இந்தத் தடவை எழுதிக் காட்டப் போகவில்லை. கதவைத் திறந்தால் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டு வரப் போகிறேன்.